மெஷின் வைத்த நெஞ்சு

என் இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் தட்டை. உள்ளே ஒரு பற்றரியும் விரல்நகம் அளவான ஒரு சிப்பும் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்து இரண்டு வயர்கள் இறங்கி இதயத்துக்குப் போகின்றன. சிலருக்கு இந்த பேஸ்மேக்கர் ஒரு துணைக்குத்தான். இதயம் களைத்துப்போகும்போது மட்டும் கைகொடுக்கும். எனக்கு அப்படியில்லை. “உங்கட ஹார்ட் முழுக்க முழுக்க இதை நம்பித்தான் இருக்கு” என்றார் இதய டாக்டர். ஒருவரையும் நம்பி இருக்கக் கூடாது என்று கல்யாணமே செய்யாமல் இருந்தவள் நான். பயம் பிறகுதான் வந்தது, முதலில் எரிச்சல்தான் வந்தது.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். இதயத்தின் மேற்பகுதி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதாம். பயந்தால், படியேறினால், கோபப்பட்டால் அது வேகமாகிறது. கீழ்ப்பகுதிக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற வழிதான் அறுந்துவிட்டது. பெட்டி மேலே நடப்பதைக் கேட்டுக் கீழே சொல்கிறது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நான் பார்த்த வேலையும் அதுதான்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீதிபதி சிங்களத்தில் சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்வேன். அவர் சொல்வதைச் சிங்களத்தில் நீதிபதிக்குச் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மரண தண்டனை என்றால் மரண தண்டனை என்றுதான் சொல்ல வேண்டும். தாய் பின்வாங்கில் இருக்கிறாள் என்பதற்காக ஒரு சொல்லை மெதுவாக்க முடியாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் கடுமையாகிவிட்டது என்று அக்கா சொல்வா.

எனக்கு இருந்தது அந்த ஒரு அக்காதான். கொட்டாஞ்சேனையில் ஒன்றாக வளர்ந்தோம். கலவரத்துக்குப் பிறகு அக்காவும் அத்தானும் கனடாவுக்குப் போனார்கள். அரசாங்க வேலையை விட மனமில்லாமல் நான் நின்றுவிட்டேன். அத்தான் காலமாகிப் பல வருடங்கள். அங்கே அக்காவும் அவவின் மகளும், இங்கே வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றின் ஐந்தாம் மாடியில், நான்.

பெட்டி வைத்தபோது அக்கா வந்து ஒரு மாதம் என்னோடு இருந்தா. போவதற்கு முன் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனா. உறவுக்காரர் எல்லாருக்கும், என் கண் முன்னாலேயே, ஒவ்வொருவராகப் போன் எடுத்தா.

“அவளுக்கு நெஞ்சில மெஷின் வைச்சிருக்கு. கெட்ட செய்தி ஒண்டும் உடன சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டாள்.”

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் மனதில் பேஸ்மேக்கர் என்பது கீழே போட்டால் உடைகிற சாமான். அன்றிலிருந்து எனக்கு நல்ல செய்தி மட்டும் வந்தது. இன்னாருக்குப் பெண் பிள்ளை, இன்னாரின் மகன் டாக்டருக்குப் படிக்கிறான், இன்னார் வீடு வாங்கிவிட்டார்கள். பெரியப்பாவின் மூத்த மகன் செத்தது ஒரு வாரம் கழித்துப் பேப்பரின் மரண அறிவித்தலில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். காலைச் சாப்பாட்டுக்கு எடுத்த பாணையும் சம்பலையும் அப்படியே வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“கூண்டில நிண்டவனுக்கே தூக்குத் தண்டனை சொன்னனான். எனக்கு ஒரு செத்தவீட்டுச் செய்தி சொல்ல உங்களுக்கு என்ன பயம்?”

“கத்தாதை. கத்தினா உனக்குக் கூடாது” என்றா அக்கா.

சிரித்தும் விட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், நல்ல செய்தி மட்டும் வருகிற வீட்டில் தனிமை இரண்டு மடங்கு. உங்களிடம் ஒருவரும் அழாவிட்டால் நீங்கள் ஒருவருக்கும் சொந்தமில்லை. போனை வைத்ததும் வீடு முன்பைவிட அமைதியாக இருக்கும். கரையோர ரயில் போகிற சத்தம்கூட எனக்காகத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் இரண்டு மூன்று வருடங்கள் மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பயந்தேன். மைக்ரோவேவைக் கீழ்மாடிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். கைப்பேசியை வலது காதில் மட்டும் வைத்தேன். நகைக்கடை வாசலில் நிற்கிற சோதனைக் கம்பத்தைக் கண்டால் நெரிசலான காலி வீதியைக் குறுக்கே கடந்து மற்றப் பக்கம் போனேன். ஒன்றும் அந்தப் பெட்டியை அசைக்கவில்லை. கடைசியில் அதை அசைக்கக்கூடியது எனக்கு வைத்தியமாகத்தான் வந்து சேர்ந்தது.

வலது மார்பில் கட்டி. வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். இங்கே சனங்கள் இதைக் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்பார்கள். கரண்ட் இல்லை அது, கண்ணுக்குத் தெரியாத கடுமையான கதிர். ஆனாலும் ‘கரண்ட்’ என்று சொன்னால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிக்காரருக்கும் விளங்கும்.

என் விஷயத்தில் டாக்டர் மட்டும் போதவில்லை. கதிரின் கணக்குப் பார்க்கிற ஒரு பெண்ணையும் கூப்பிட்டார்கள். சிங்களப் பிள்ளை, மிகவும் பொறுமையானவள். அவள் சொன்னதை நான் பழக்கதோஷத்தில் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே இருந்தேன். பெட்டியின் உலோக மூடி அந்தக் கதிரை மறிக்காது. வலது பக்கம்தான் அடிக்கிறார்கள், என்றாலும் கொஞ்சம் சிதறி இடது பக்கமும் வரும். சிப்பின் ஞாபகம் என்பது மிகமிகச் சின்ன மின்னேற்றங்கள்தானாம். கதிர் ஊடுருவிப் போகும்போது அதில் ஒன்றிரண்டைத் தட்டிவிட்டால், தான் என்ன செய்ய வேண்டும் என்பதையே சிப் மறந்துபோகலாம்.

“பற்றரி?” என்று கேட்டேன்.

பற்றரி லேசில் பழுதாகாது என்றாள். அதைச் சுற்றியிருக்கிற சுற்றுத்தான் அடிபட்ட பிறகு கசியத் தொடங்கும். வருடக்கணக்கில் வர வேண்டிய பற்றரியை மாதக்கணக்கில் குடித்து முடித்துவிடும். “தண்ணீர்த் தாங்கி நல்லாத்தான் இருக்கும், பைப்தான் ஒழுகும்” என்றாள். அவள் வீட்டிலும் அந்தக் கிழமை பைப் ஒழுகியிருக்க வேண்டும்.

சிகிச்சை எடுக்காவிட்டால் கட்டி திரும்பி வரலாம். எடுத்தால் பெட்டி நின்றுபோகலாம், அது நின்றால் நானும் நின்றேன். ஆனபடியால் குறைந்த வலுவில், பெட்டிக்கு எவ்வளவு தூரம் விலத்த முடியுமோ அவ்வளவு விலத்தி அடிப்பது என்றும், ஒவ்வொரு முறையும் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் முடிவு செய்தார்கள்.

“வீட்டுக்காரர் ஆரும் வருவினமா?” என்றார் டாக்டர்.

“ஓம், வருவினம்” என்றேன். ஒருவரும் வரப் போவதில்லை.

அக்காவுக்குச் சொல்வதா விடுவதா என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. அவவுக்குப் பிரஷர், சீனி, முழங்கால் நோ. சொன்னால் அந்தப் பனிக்குள் பிளேன் ஏறி வந்து நிற்பா. எல்லாம் முடியட்டும், முடிந்த பிறகு சொல்லலாம் என்று அவவின் சட்டத்தை அவவுக்கே போட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த அறையில் எனக்கு ஏதும் நடந்தால், நான் எதற்கு அங்கே போய்ப் படுத்தேன் என்பதுகூட அக்காவுக்குத் தெரியாமல் போகும்.

அந்த அறை. தடித்த சுவர், வளைந்து போகிற வாசல், பெரிய கதவு. மேசையில் என்னைப் படுக்க வைத்து, கையை மேலே தூக்கி, நெஞ்சில் மையால் போட்ட கோடுகளுக்கு ஒளிக்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு “அம்மா, ஹெல்லென்ன எப்பா” என்று சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அசையாதே என்று சொன்னவர்கள் அவ்வளவு அவசரமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயிருள்ள எதுவும் நிற்கக் கூடாத இடம் என்று அவர்களே தீர்மானித்த இடத்தில் என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கதவு மூடுகிற சத்தத்துக்கு நான் கடைசி வரை பழகவில்லை.

மூலையில் ஒரு கமரா இருந்தது. வெளியே இருந்து அதில்தான் என்னைப் பார்ப்பார்கள். ஒருநாள் என் முறை வரும்வரை வெளியே நின்றபோது அதன் திரையைக் கண்டேன். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கமராவுக்கும் கதிர் படுகிறது, போகப் போகப் புள்ளி கூடும், பிறகு மாற்றுவோம் என்றாள் அந்தச் சிங்களப் பிள்ளை. அந்தப் புள்ளி மழைக்குள் எனக்கு முன்னால் போன பெண் ஒருத்தி படுத்திருந்தாள். நானும் அப்படித்தான் தெரிவேன் போல என்று நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது, அவளைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

வாரம் ஒருமுறை பேஸ்மேக்கர் கம்பனியிலிருந்து ஒருவர் பெட்டியைச் சோதிக்க வருவார். முஸ்லிம் பெடியன், முப்பது வயதிருக்கும், கொட்டாஞ்சேனையில் வீடு. மடிக்கணினி மாதிரி ஒரு மெஷினைத் திறந்து, அதன் வயர் நுனியில் இருக்கும் வட்டத்தை என் சேலைக்கு மேலே பெட்டியின் நேரே வைப்பார். திரையில் என் இதயம் கோடாக ஓடும்.

“பெட்டரி நல்லா ஈக்கிது ஆன்டி. பயப்பட வாணாம்” என்பார். அந்த நாட்களில் என்னைத் தொட்டுக் கதைத்தது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா முன்பு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுப்பா. பொங்கலுக்குப் பிறகு அழைப்பு நின்றது. ‘தொண்டை கட்டீட்டுது, கதைக்க ஏலாது’ என்று மெசேஜ் வந்தது. பிறகு ‘இன்னும் சுகமில்லை’. காலையில் மட்டும் ரோசாப்பூப் படத்தோடு ஒரு காலை வணக்கம் வரும். மற்ற நேரமென்றால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். இப்போது எனக்கு அது வசதியாக இருந்தது. குரலைக் கேட்டால் அக்கா பிடித்துவிடுவா. அவவிடம் பொய் சொல்ல எனக்கு வராது, எழுதத்தான் வரும். ‘நான் சுகம், தொண்டையைக் கவனியுங்கோ’ என்று எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

சிகிச்சை பாதி தாண்டிய ஒரு நாள் அது நடந்தது. கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. ஓடுகிற பஸ் கியர் மாறுவது போல ஒரு இடறல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இதயம் கனமாக, ஒரே சீராக அடிக்கத் தொடங்கியது. மெஷின் நின்றது. கதவு திறந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பெட்டி நின்றுபோகவில்லை. மறந்துபோயிருந்தது. எனக்கென்று அதற்குள் எழுதியிருந்த எல்லாம் அழிந்து, ஆபத்து நேரத்துக்கென்று கம்பனியில் வைத்துவிட்ட ஒரேயொரு வேகத்துக்குப் போய்விட்டதாம். மேலே நடப்பதை அது இனிக் கேட்காது. நான் ஓடினாலும் படுத்தாலும் கீழே அதே அடிதான். மதியம் வரை கட்டிலில் வைத்துப் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனைப் பெடியன் அன்று மட்டக்களப்பில் நின்றார். விடியவே வந்து சரிசெய்வதாகப் போனில் சொன்னார்.

“உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா இண்டைக்குத் தனியா இருக்க வேண்டாம். உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ” என்றார் டாக்டர்.

“சொல்லுறன்” என்றேன்.

முச்சக்கர வண்டி ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டது. லிஃப்ட் வரை நடக்கிற தூரத்துக்குள் இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வேகமாகப் போகப் பார்க்கிறது, நெஞ்சு ஈடுகொடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தபோது முதல்முறையாகத் தெளிவாக விளங்கியது. இந்தப் பெட்டி இன்று நின்றுபோனால் அக்காவுக்கு யாரோ ஒருவர், எனக்குப் பெயர் தெரியாத ஒருவர், செய்தி சொல்லுவார். அதைக் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லுவார். அந்தச் செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அக்காவின் குரல் வேண்டும் என்றும் தோன்றியது. அதுதான் பெரிய காரணம்.

பொழுதுபட்டிருந்தது, கனடாவில் காலை. அக்காவின் இலக்கத்துக்கு எடுத்தேன். முதலில் ஒருவரும் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். அக்காவின் மகள் எடுத்தாள்.

“ஹலோ சித்தி.”

“அம்மாட்டைக் குடு பிள்ளை.”

“அம்மா... குளிக்கிறா.”

“வரட்டும். நான் வைச்சிருக்கிறன்.”

“இல்லை சித்தி, லேட் ஆகும். பிறகு எடுக்கச் சொல்லுறன்.”

“பிறகு எண்டு எனக்கு ஒண்டு இருக்கோ தெரியாது. நீயே கேள், கேட்டு அம்மாவுக்கு அப்பிடியே சொல்லு. எனக்கு மார்பில கான்சர். வெட்டி எடுத்தாச்சு. இப்ப ரேடியேஷன் குடுக்கினம். இண்டைக்கு அதால என்ர மெஷின் எல்லாத்தையும் மறந்துபோய் ரீசெட் ஆகிட்டுது. ஆபத்தில்லை எண்டுதான் சொல்லுகினம். எண்டாலும் ஏதும் நடந்தால் அக்கா வேற ஆரும் சொல்லிக் கேக்கக் கூடாது. அதான் எடுத்தனான்.”

அவள் அழத் தொடங்கினாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, ஒருவர் எனக்காக அழுது எவ்வளவு காலம். ஆனால் அழுகை நிற்கவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறவர்கள் பொய்யைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த கேள்விக்கு முன் இப்படித்தான் அழுவார்கள். அதை எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

“சொல்லு” என்றேன். “கூட்டாமல், குறைக்காமல் சொல்லு.”

“அம்மா இல்லை சித்தி.”

பொங்கல் முடிந்த கிழமை. குசினியில், அடுப்புக்கு முன்னால் விழுந்தாவாம். மூளைக்குள் இரத்தம் கசிந்து, கண் திறக்காமலே போய்விட்டா. அந்தப் பிள்ளை ஆங்கிலமும் தமிழுமாக, மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள்.

“முப்பத்தொண்டுக் காரியம்?”

“முந்தநாள் முடிஞ்சுது.”

“பேப்பரில போடேல்லையோ?”

“நீங்கள் பாப்பீங்கள் எண்டு ஒரு இடமும் போடேல்ல. எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தவை. அம்மாவே எப்பவும் சொல்லுறவா தானே, சித்திக்கு மெஷின், சித்திக்குச் சொல்லக் கூடாது எண்டு.”

“அந்த ரோசாப்பூக்கள்?”

“நான்தான் அனுப்பினனான். நிப்பாட்டினா நீங்கள் பயப்படுவீங்கள் எண்டு.”

போன வெள்ளிக்கிழமை நான் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். செத்தவீட்டுத் துடக்கு என்று தெரியாமல், அக்காவின் தொண்டை சுகமாக வேண்டும் என்று தேங்காய் உடைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற பாரம் போதும்.

“சித்தி, உங்களுக்கு என்ன செய்யுது? உங்கட ஹார்ட்?” என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணீர் கழுத்து வரை வழிந்திருந்தது. நாடி மட்டும் ஒழுங்கைக்குள் நடந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு அடி கூடவில்லை, ஒரு அடி தவறவில்லை. என் அக்கா செத்துப்போனது என் இதயத்துக்கு இன்னும் தெரியாது. அவவுக்காக அது ஒருமுறை பதறக்கூட இல்லை என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

“ஒண்டும் செய்யேல்ல” என்றேன். “நீ அழாதை.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெடியன் மட்டக்களப்பிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது. வட்டத்தை நெஞ்சில் வைத்து, பழைய அமைப்பை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

“முடிஞ்சிட்டு ஆன்டி. இப்ப பழையபடி போட்டுட்டன்” என்று கடைசி விசையைத் தட்டினார்.

நெஞ்சுக்குள் அந்த இடறல் திரும்பவும் வந்தது. அதற்குப் பிறகு ஓடத் தொடங்கியது. தொண்டைக்குள், காதுக்குள், வயிற்றுக்குள் எல்லாம் அடித்தது. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. அவர் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன ஆன்டி, ஏதும் செய்யுதா? ஹார்ட் ரேட் ஏறுதே.”

“என்ர அக்கா செத்துப்போனா” என்றேன். அதை ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து அப்போதுதான் முதல்தரம் சொல்கிறேன்.

அவர் விசைகளிலிருந்து கையை எடுத்தார். மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற அரபு வாசகத்தை மெதுவாகச் சொன்னார். பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“எப்ப ஆன்டி?”

“நேத்து” என்றேன்.